வால் மிக்சர் சொட்டுகிறது, முழுசாக மாற்றச் சொல்கிறார்கள்: உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் மட்டும் மாற்ற முடியாதா?

மாறத்தஹள்ளி வாடகை வீடு:

பெங்களூரில் பழைய அப்பார்ட்மென்ட், இரண்டாவது மாடி. பாத்ரூமில் இரண்டு கைப்பிடி வைத்த வால் மிக்சர் இருக்கிறது, இடது பக்கம் சுடுதண்ணீர், வலது பக்கம் பச்சைத்தண்ணீர், நடுவில் ஒரே மூக்கு. இரண்டையும் நன்றாக மூடினாலும் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது, காலையில் கீசர் போட்டால் இன்னும் வேகமாகச் சொட்டுகிறது. வந்து பார்த்த பிளம்பர் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை, இந்த மாடல் இப்போது வருவதில்லை, முழு மிக்சரையும் மாற்றிவிடலாம் என்கிறார். உடம்பு பித்தளை கனமாக, நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. எங்களுக்கு போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கலந்துதான் வருகிறது, எல்லாக் குழாயிலும் வெள்ளையாகப் படிகிறது. எந்தப் பாகம் போயிருக்கும், அதை நானே மாற்றலாமா, வாடகை வீட்டில் இதற்கு யார் செலவு செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர் பிளம்பிங்:

தம்பி, உடம்பில் விரிசல் இல்லை என்றால் மிக்சரை மாற்றவே வேண்டாம். பூட்டுவது திறப்பது எல்லாமே உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலின் வேலைதான், உடம்பு வெறும் கூடு. முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள், கைப்பிடி எவ்வளவு தூரம் சுற்றுகிறது? மூடியதிலிருந்து முழுசாகத் திறக்க கால் சுற்று, அதாவது 90 டிகிரி மட்டும் திரும்பினால் அது குவார்ட்டர் டர்ன், உள்ளே பீங்கான் தட்டு இருக்கும். இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தால் பழைய ரப்பர் வாஷர் டைப். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இன்னொன்று, சொட்டுகிறதே என்று பலமாக இறுக்காதீர்கள். ரப்பர் டைப்பில் வாஷர் வெட்டுப்பட்டுவிடும், பீங்கான் டைப்பில் இறுக்கி ஒரு பயனும் கிடையாது, உள்ளே இருக்கும் தடுப்புதான் உடையும்.

எந்தப் பக்கம் கசிகிறது என்பதையும் கண்டுபிடியுங்கள். கீசருக்குக் கீழே தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் ஆங்கிள் காக், அதாவது தண்ணீரை நிறுத்துகிற சின்ன வால்வு இருக்கும். கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு அதை மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றால் சுடுதண்ணீர்ப் பக்கம்தான் குற்றவாளி. நிற்கவில்லை என்றால் பச்சைத்தண்ணீர்ப் பக்கம்.

ஜெயநகர் ஓய்வுபெற்ற இன்ஜினியர்:

கீசர் போட்டால் சொட்டு கூடுகிறது என்றதைக் கவனியுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் கீசரில் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 400 மில்லி அதிக இடம் கேட்கும். பின்னால் தொட்டிக்குப் போக வழி இருந்தால் அங்கே போய்விடும். கீசர் வாயில் ஒருவழி வால்வு இருந்தால் அதன் சேஃப்டி வால்வு வழியாகக் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆனால் மிக்சர் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்த அழுத்தம் அங்கேதான் வெளியேறும். அதனால் கீசர் அணைந்து தண்ணீர் ஆறிய பிறகும் சொட்டுகிறதா என்று பாருங்கள், அப்போதும் சொட்டினால் ஸ்பிண்டில் மாற்ற வேண்டியதுதான்.

தள்ளிப்போடாதீர்கள். குழாய்ச் சொட்டு ஒன்று கால் மில்லி என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, 21 லிட்டருக்கு மேல். எங்கள் பக்கம் வருகிற காவிரித் தண்ணீரை தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடத்தில் பம்ப் வைத்து மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 கோடையில் இந்த ஊர் பட்ட பாட்டைப் பார்த்த எவருக்கும் 21 லிட்டர் சாக்கடையில் போவதைப் பார்க்கப் பொறுக்காது. உங்களுக்கு டேங்கர் வேறு, காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்.

மாறத்தஹள்ளி வாடகை வீடு:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். பார்த்துவிட்டேன். கைப்பிடி கால் சுற்றுதான் திரும்புகிறது. ஆங்கிள் காக்கை மூடினதும் கொஞ்ச நேரத்தில் சொட்டு முழுசாக நின்றுவிட்டது, ஆக சுடுதண்ணீர்ப் பக்கம். கீசர் ஆறியிருந்தபோதும் சொட்டியது. இப்போது பிரச்சினை என்னவென்றால் பாத்ரூமுக்குத் தனியாக வால்வு கிடையாது, மொட்டை மாடியில் இருக்கிற கேட் வால்வை மூடினால் கீழே இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் நின்றுவிடும். என்ன செய்வது?

விவேக்நகர்:

எதற்கு இவ்வளவு சிரமம், சேர்கிற இடத்தில் எல்லாம் எபாக்ஸி பூசிவிடுங்கள், எங்கள் வீட்டில் பைப் கசிந்தபோது அப்படித்தான் நின்றது.

அல்சூர் பிளம்பிங்:

விவேக்நகர் அக்கா, உங்கள் வீட்டில் பைப் உடம்பில் ஓட்டை, அதற்கு அது சரி. இங்கே தண்ணீர் வருவது மூக்கு வழியாக, உள்ளே பூட்டு சரியாக விழவில்லை. வெளியே எதைப் பூசினாலும் நிற்காது, பிறகு கழற்றவும் முடியாமல் போய்விடும். அப்போது நிஜமாகவே புது மிக்சர்தான் வாங்க வேண்டும்.

தம்பி, மாடி வால்வைத் தொடவே வேண்டாம். ஆங்கிள் காக்கை மூடினதும் சொட்டு நின்றது என்றீர்களே, அப்படியானால் அந்தக் காக் நன்றாகப் பிடிக்கிறது. சுடுதண்ணீர்ப் பக்கத்துக்குத் தண்ணீர் கீசர் வழியாக மட்டும்தான் வருகிறது. அதை மூடி, பச்சைத்தண்ணீர்க் கைப்பிடியும் மூடியிருந்தால் போதும், இடது பக்கத்தைத் தாராளமாகக் கழற்றலாம்.

முதலில் கீசர் சுவிட்சை அணையுங்கள், மெயின் போர்டில் அதற்கான எம்.சி.பி. (ட்ரிப் சுவிட்ச்) இருந்தால் அதையும் இறக்குங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறட்டும், இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. பிறகு சுடுதண்ணீர்க் கைப்பிடியைத் திறந்து வைத்து மீதி அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். தரையில் இருக்கும் ஜாலியை ஒரு துணியால் மூடுங்கள், சின்ன ஸ்க்ரூ அதில் விழுந்தால் கிடைக்கவே கிடைக்காது.

கைப்பிடி நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும், மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். அதற்குள் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. சில மாடலில் கைப்பிடிக்கு அடியில் ஆலன் கீ போடுகிற குட்டி ஸ்க்ரூ. உப்பு பிடித்துக் கைப்பிடி வராவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள், வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி விட்டு ஆட்டிப் பாருங்கள், அப்புறம் உடனே கழுவிவிடுங்கள், குரோம் பூச்சில் வினிகர் அதிக நேரம் இருக்கக் கூடாது. கைப்பிடி வந்ததும் குரோம் கூம்பு ஒன்று, அதைக் கையாலேயே சுற்றி எடுக்கலாம். உள்ளே தெரிகிற ஆறு பட்டைப் பித்தளைதான் ஸ்பிண்டில். ஸ்பேனர் போட்டு இடஞ்சுழியாகத் திருப்புங்கள். மற்றொரு கையால் மிக்சர் உடம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுவருக்குள் போகிற லெக் சேர்த்துத் திரும்பி அங்கே புதுக் கசிவு ஆரம்பிக்கும். நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் பாதி வேலை இப்படிக் கெடுத்ததைச் சரிசெய்வதுதான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மாறத்தஹள்ளி வாடகை வீடு:

கழற்றிவிட்டேன் அண்ணா! கீழே கறுப்பு ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கி இருக்கிறது. உள்ளே வெள்ளைத் தட்டு இரண்டு, ஒன்றின் மேல் நகத்தால் தொட்டால் தெரிகிற அளவுக்குக் கோடு. கல் மாதிரி உப்பும் படிந்திருக்கிறது. இதையே சுத்தம் செய்து போடலாமா?

ஜெயநகர் ஓய்வுபெற்ற இன்ஜினியர்:

அந்தத் தட்டு அலுமினா பீங்கான். இரண்டு முகத்தையும் கண்ணாடி போல இழைத்திருப்பார்கள், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி உட்காருவதால்தான் ரப்பர் இல்லாமலே தண்ணீரை நிறுத்துகிறது. உப்பு மட்டும் என்றால் வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும், ரப்பர் மட்டும் நசுங்கியிருந்தால் ரப்பரை மாற்றினால் போதும். நகத்தில் தட்டுப்படுகிற கோடு மணலால் விழுந்தது, அதை வீட்டில் இழைத்துச் சரிசெய்ய முடியாது. புது ஸ்பிண்டில் வாங்குங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மையையும் ஒருமுறை சோதியுங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்த எல்லாவற்றையும் சேர்த்து, அது கடினத்தன்மை இல்லை, தனி சோதனைக் கிட் கிடைக்கிறது.

எஸ்.ஜே.பி. ரோடு பக்கம்:

பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், போட்டோ போதாது. பார்க்க வேண்டியது நான்கு: மரையின் அளவு, மொத்த நீளம், மேலே கைப்பிடி உட்காருகிற பல்லின் எண்ணிக்கை, திரும்புகிற திசை. பல் ஒன்று வித்தியாசப்பட்டாலும் உங்கள் பழைய கைப்பிடி அதில் உட்காராது. திசை ரொம்ப முக்கியம், நிறைய மிக்சரில் சுடுதண்ணீர்ப் பக்கமும் பச்சைத்தண்ணீர்ப் பக்கமும் எதிரெதிராகத் திறக்கும், அதனால் இடது வலது என்று தனித்தனி ஸ்பிண்டில். கடையில் "எந்தப் பக்கம்" என்று கேட்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், கவுண்டரிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

கம்பெனி ஸ்பிண்டில் கிடைத்தால் அதுவே நல்லது. மாடல் நின்றுவிட்டது என்றாலும் பயப்பட வேண்டாம், பல கம்பெனி ஒரே ஸ்பிண்டிலைப் பல மாடலில் போடுகிறது. ஏரியா ஹார்ட்வேர் கடையில் இல்லாவிட்டால் எஸ்.ஜே.பி. ரோட்டுக்கு வந்து தேடுங்கள். பித்தளை உடம்பா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு, வேண்டாம்.

ஹெப்பால் அக்கா:

வாடகை கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. முதலில் உங்கள் அக்ரிமென்டைப் படியுங்கள், அதில் எழுதியதுதான் பேசும். மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் டேப் வாஷர், டேப் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்றும், தேவைப்பட்டால் பைப் மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்றும் இருக்கிறது. அது மாநிலங்களுக்கான மாதிரிதான், ஆனாலும் பேசும்போது ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்பிண்டில் செலவை நானே ஏற்றுக்கொண்டு, பழைய பாகத்தின் போட்டோவையும் பில்லையும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுவேன். காலி செய்யும்போது குழாய் கெட்டுப்போச்சு என்று அட்வான்ஸில் பிடிக்க அவர்களுக்கு வாய்ப்பு இருக்காது.

அல்சூர் பிளம்பிங்:

புதுசைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. ஸ்பிண்டில் கழற்றிய ஓட்டையின் மேல் ஒரு மக்கைக் கவிழ்த்துப் பிடித்து, ஆங்கிள் காக்கை ஒரே ஒரு நொடி திறந்து மூடுங்கள், உள்ளே தங்கிய மணலும் உப்புத் துகளும் வெளியே வந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அதே மணல் புதுத் தட்டிலும் கோடு போடும். உள்ளே ஸ்பிண்டில் உட்காருகிற இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள், வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள், இங்கே அடைப்பது அடியில் இருக்கும் ரப்பர்தான். கையால் முழுசாகச் சுற்றி, கடைசியில் ஸ்பேனரால் கொஞ்சம், அவ்வளவுதான்.

எல்லாம் பூட்டினதும் ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறந்து, சுடுதண்ணீர்ப் பக்கம் காற்று இல்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் வருகிற வரைக்கும் விடுங்கள். அதற்கு அப்புறம்தான் கீசர் சுவிட்ச்.

மாறத்தஹள்ளி வாடகை வீடு:

மாற்றிவிட்டேன், சொட்டு சுத்தமாக நின்றுவிட்டது. கீசர் போட்டும் பார்த்தேன், ஒரு துளிகூட இல்லை. அல்சூர் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, எஸ்.ஜே.பி. ரோடு நண்பர் சொன்னபடி திருப்பிப் பார்த்துதான் சரியான பக்கத்து ஸ்பிண்டிலை வாங்கினேன். ஒரே ஒரு சந்தேகம், மூடியிருக்கும்போது இந்தக் கைப்பிடி கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, வலது பக்கத்தது நேராக இருக்கிறது. ஸ்பிண்டிலை இன்னும் இறுக்கினால் நேராகுமா?

அல்சூர் பிளம்பிங்:

இறுக்க வேண்டாம் தம்பி. ஸ்பிண்டில் மூடிய நிலையில் இருக்கட்டும், சிவப்புப் பொட்டையும் ஸ்க்ரூவையும் எடுத்து, கைப்பிடியை மேலே இழுத்து, ஒன்றிரண்டு பல் தள்ளி வலது பக்கத்துக்குச் சமமாக உட்காரவைத்து ஸ்க்ரூவைப் பூட்டுங்கள். கையோடு மூக்கின் நுனியில் இருக்கிற வலையையும் கழற்றிக் கழுவிவிடுங்கள், மக்கைப் பிடித்துத் தண்ணீர் விட்டபோது வராத துகள் அங்கே போய் நின்றிருக்கும்.