தேயிலையின் முற்றிய இலை மஞ்சளாவது ஏன்?

கேள்வி (ஹட்டன் பக்கம்):
நாங்கள் இருக்கும் லயத்துக்கு (தோட்ட வரிசை வீட்டுக்கு) பின்னால் அப்பா வைத்திருக்கும் தேயிலையில் அடி இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு மட்டும் பச்சை. கொழுந்துக்கு ஒன்றுமில்லை. அப்பா யூரியா போடச் சொல்கிறார். போடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்):
தம்பி, யூரியாவை ஒரு பக்கம் வையுங்கள். அது நைட்ரஜன் உரம்; நைட்ரஜன் குறைந்தால் நரம்பும் சேர்ந்தே வெளிறும். நீங்கள் சொல்வது மெக்னீசியக் குறைபாடு மாதிரி இருக்கிறது. பச்சையம், அதாவது குளோரோபில், ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசிய அணுவை வைத்திருக்கிறது. நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல. தட்டுப்பாடு வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து அதைப் பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். பிள்ளைப்பாசம்! நம் மலை மழையும் புளிப்பு மண்ணிலிருந்து அதை அரித்துப் போகிறது. டொலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) போடலாம், ஆனால் அது புளிப்பைக் குறைக்கும், தேயிலைக்கோ பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரைதான் பிடிக்கும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். கவ்வாத்து சமயம், அதாவது செடியை வெட்டிவிடும்போது, டொலமைட் போடுவதுதான் வழக்கம்.

இன்னொருவர் (நுவரெலியா):
அண்ணே, ஃபெக்டரியில் அந்தப் பச்சை எங்கே போகிறது?

பதில்:
உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. அப்புறம் அடுப்புச் சூடு. இலையின் அமிலம் பட்டு மெக்னீசியம் கழன்றுவிட, பச்சையம் பழுப்பான ஃபியோபைட்டின் ஆகிறது. தூள் கறுப்பாவதில் அதற்கும் பங்குண்டு. தேநீர்ச் சாயத்தின் செம்மை வேறு கதை, அது இலையிலுள்ள பொலிபீனோல் என்ற துவர்ப்புப் பொருள்களின் வேலை.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணே, யூரியா மூட்டையைக் கட்டி வைத்துவிட்டேன். அப்பாதான் முறைக்கிறார்.