காட்பாடி வீடு: அக்கா மால்டோவா போறாங்க

13 அக்டோபர் 2024, ஞாயிறு

குடியாத்தம் அத்தை: இன்னாடி பாப்பா, லீவு போட்டுட்டு வேற நாட்டு எலெக்‌ஷனுக்குப் போறியாமே? உங்க அப்பா போன்ல சொல்லிகினு இருந்தாரு

ஜெர்மனி அக்கா: ஆமா அத்தை, மால்டோவாவுக்கு. ஐரோப்பாவுல ஒரு சின்ன நாடு. 20ஆம் தேதி அதிபர் தேர்தல். ஓட்டு ஒழுங்கா நடக்குதான்னு பாக்கற பார்வையாளரா போறேன், புதன்கிழமை கிளம்பணும்

குடியாத்தம் அத்தை: சம்பளம் எவ்ளோ தருவாங்க?

ஜெர்மனி அக்கா: சம்பளம் இல்ல அத்தை. ஆனா கைக்காசும் போகாது. டிக்கெட், ரூம், இன்சூரன்ஸ், தினப்படி எல்லாம் ஜெர்மன் அரசாங்கம் பாத்துக்கும். பெர்லின்ல ஜிஃப்னு ஒரு அமைப்பு, 2002ல அரசே ஆரம்பிச்சது. அவங்கதான் ஆள் எடுத்து, ட்ரெயினிங் குடுத்து அனுப்பறாங்க

தம்பி: அப்போ ஜெர்மனி சொல்றதைத்தானே எழுதணும் அக்கா?

ஜெர்மனி அக்கா: இல்லடா. செலவு அவங்களது, வேலை அவங்களுக்கு இல்ல. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்புல 57 நாடு இருக்கு, அதோட குழுவுலதான் போறேன். நாங்க எழுதறது வார்சால இருக்கற அவங்க அலுவலகத்துக்குப் போகும். ரெண்டு ரெண்டு பேரா அனுப்புவாங்க, ரெண்டு பேரும் வேற வேற நாடு. சேர்ந்து உக்காந்துதான் ஃபார்ம் எழுதணும்

பெரியப்பா: 2019ல நம்ம வேலூர் எம்பி தேர்தலுக்கு எனக்கு பூத் டூட்டி. ஏப்ரல் 18 ஓட்டு. ட்ரெயினிங் முடிஞ்சு ஆர்டர் கையில இருக்கு, 16ஆம் தேதி தேர்தலே ரத்துன்னுட்டாங்க. ஓட்டுக்குப் பணம் குடுக்கற பிரச்சினை. ஆகஸ்ட் 5 மறுபடி நடந்துச்சு. அன்னைக்குக் காலைல ஒரு கட்சி ஏஜென்ட் தூக்குல டீ கொண்டாந்து என் மேஜை மேல வெச்சாரு. நல்ல மனுஷன்தான், சாதாரணமாத்தான் குடுத்தாரு. வேணாம்னு எடுத்துட்டுப் போகச் சொன்னேன். டூட்டிக் காசு அரசாங்கம் கவர்ல குடுத்திருந்துச்சு, அதனால சொல்ல முடிஞ்சது. உன் டிக்கெட்டை அங்க நிக்கற கட்சிக்காரன் எடுத்துக் குடுத்திருந்தா நீ என்னத்தம்மா எழுதுவ?

ஜெர்மனி அக்கா: அதேதாம்பா! ட்ரெயினிங்ல இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. இன்னொண்ணு, தப்பு கண்ணுல பட்டா பூத் அதிகாரிகிட்ட சொல்லலாம், ஆனா இப்படிச் செய்யின்னு உத்தரவு போடக் கூடாது. குறிச்சுக்கணும், அவ்ளோதான்

பெரியப்பா: அது ரொம்பக் கஷ்டம்மா. வாயைக் கட்டிகினு நிக்கணும்

தம்பி: நாங்க லா படிக்கறவங்க இங்கேருந்து போக முடியுமா?

ஜெர்மனி அக்கா: இந்தியா அந்த 57ல இல்லடா. அவங்கள்ளயே ஆள் அனுப்ப வசதியில்லாத நாடுகளுக்குன்னு தனி நிதி ஒண்ணு வெச்சிருக்காங்க. இல்லேன்னா பணக்கார நாட்டுக்காரங்க மட்டும்தான் குழுவுல நிறைஞ்சிருப்பாங்க

பெரியப்பா: நம்ம ஆளுங்க இதுல புதுசு இல்லடா. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், இங்க 1951-52 தேர்தலை நடத்தி முடிச்ச கையோட 1953ல சூடானுக்குப் போய் அவங்க தேர்தலையும் நடத்திக் குடுத்தாரு

தம்பி: அதிகாரிங்க போறாங்க பெரியப்பா, சரி. எங்களை மாதிரி பசங்களுக்கும் அரசாங்கம் செலவு போட்டு அனுப்பணும். டிக்கெட் எடுக்க முடிஞ்ச வீட்டுப் பிள்ளைங்க மட்டும் போனா சரியில்ல. இதைக் காலேஜ்ல பேசப் போறேன்

குடியாத்தம் அத்தை: பேசு கண்ணு. பாப்பா, அங்க குளிருமா? பருப்புப்பொடி இருக்கா?

ஜெர்மனி அக்கா: இருக்கு அத்தை, நீங்க போன தடவை அரைச்சுக் குடுத்ததே. டார்ச், தடிமனான சாக்ஸ், நாலு பேனா கூட எடுத்து வெச்சிட்டேன். அங்க சீட்டுல முத்திரை குத்தற ஓட்டு. ராத்திரி அந்த பூத்துலயே கொட்டி எண்ணுவாங்க, முடியற வரைக்கும் கூட நிக்கணும்

பெரியப்பா: பூத்துலயேவா? இங்க சீட்டு காலத்துலயும் பெட்டியை சீல் வெச்சு எண்ணற இடத்துக்குத்தான் அனுப்புவோம். எண்ணி முடிச்சதும் கணக்குத் தாள் நகல் கேளு. பூத்துல விழுந்த ஓட்டுக் கணக்கு எழுதற நம்ம 17சி ஃபார்ம் மாதிரி இருக்கும். கூட்டல் சரியான்னு நீயே போட்டுப் பாரு

ஜெர்மனி அக்கா: சரிப்பா. 9 மணிக்கு ஓட்டு முடியும், உங்களுக்கு அப்போ 11:30. தூங்கிடுங்க

பெரியப்பா: நான் முழிச்சிருப்பேன்