அப்பாவோட ஃபைபர் போட்டை விக்கிறோம்: அட்வான்ஸ், மீதிப் பணம் எப்படி வாங்கறது?

கடலோரப் பொண்ணு (கேள்வி)

முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா கடலுக்குப் போறதில்ல. எங்க ஃபைபர் போட்டு ஊரூர் குப்பத்துக் கரையில தார்ப்பாய் மூடிக் கிடக்கு. இன்ஜின் கெட்டுடக் கூடாதுன்னு அப்பா அதை மட்டும் அப்பப்போ ட்ரம் தண்ணியில இறக்கி ஓட்டி வைக்கிறார். போட்டு, 9.9 எச்.பி. இன்ஜின், வலை எல்லாம் சேர்த்து 3,20,000 ரூபாய்க்குப் பழவேற்காட்டுக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். விலை சரிதான். கொடுக்கிற விதம்தான் உறுத்துது. இப்போ 5,000 டோக்கன், போட்டை எடுக்கிற அன்னைக்கு 2 லட்சம் ரொக்கம், மீதி ரெண்டு மாசத்துல மீன்பாட்டைப் பார்த்துக் கொடுப்பாராம். பேர் மாத்தறதும் அப்போதானாம். "கடல்காரங்களுக்குள்ள வாய்ச்சொல் போதாதாம்மா"ன்னு கேக்குறார். அப்பா தலையாட்டிட்டார்.

இன்னொருத்தர் ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்துட்டு போன் பண்ணார். நேவியில இருக்காராம். போட்டைப் பார்க்கல, பேரம் பேசல. "க்யூ.ஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, முழுப் பணமும் வந்துடும்"னார். பயந்து வெச்சுட்டேன்.

பழவேற்காட்டுக்காரர் மனசு நோகாம இதை எப்படிப் பேசறது?

காசிமேடு அண்ணன்

தங்கச்சி, அந்த நேவிக்காரர் நம்பரை முதல்ல பிளாக் பண்ணு. பின் நம்பர் போடறது நம்ம கணக்குலேர்ந்து பணம் வெளிய போறதுக்கு மட்டும்தான். பணம் உள்ள வர்றதுக்கு ஸ்கேனும் வேணாம், பின்னும் வேணாம். பொருளைப் பார்க்காம, பத்து ரூபா குறைச்சுக் கேக்காம யாராவது போட்டு வாங்குவாங்களா?

பழவேற்காட்டுக்காரர் நல்லவராவே இருக்கட்டும். ஆனா போட்டு உங்க கரையில நிக்கிற வரைக்கும்தான் பேச்சு உங்க கையில இருக்கும். எண்ணூரைத் தாண்டிடுச்சுன்னா, மீன் படல, இன்ஜின் மக்கர் பண்ணுது, வீட்டுல கல்யாணம்னு ஒவ்வொண்ணா வரும். பாக்கிக்காக உங்க அப்பா அந்த முட்டியோட பழவேற்காட்டுக்கு நடக்கணும். எனக்கு அதை நினைச்சாலே மனசு கேக்கல. முழுப் பணம் வந்த பிறகுதான் கயிறை அவிழ்க்கணும். இதுல இறங்கி வராதே.

முதல்ல தண்ணியில இறக்கி ஓட்டிக் காட்டுங்க. உங்க ஆள் ஒருத்தர் போட்டுல கட்டாயம் இருக்கணும், பெட்ரோல் வாங்கறவர் செலவு. அடியில ஒட்டுப் போட்ட இடம் இருந்தா நீங்களே கை வெச்சுக் காட்டிடுங்க. ஏன் சொல்றேன்னா, எடுத்துட்டுப் போற அன்னைக்கு நாலு பேரோட வந்து நின்னுக்கிட்டு, "இங்க விரிசல் இருக்கு, 40,000 குறைச்சுக்கோ"ன்னு ஆரம்பிப்பாங்க. வந்த கூட்டத்தைப் பார்த்துட்டு நம்ம ஆளும் குறைச்சுடுவாரு. ஓட்டிப் பார்த்து, ஒட்டையும் பார்த்து, திருப்தின்னு எழுதி வாங்கின பிறகு அட்வான்ஸ் வாங்கினா அந்தப் பேச்சே எழாது.

5,000 எல்லாம் அட்வான்ஸ் இல்ல, விட்டுட்டுப் போனா அவருக்கு வலிக்காது. 30,000 கேளு. அட்வான்ஸ் வாங்கும்போது எழுதற தாள்ல போட்டோட பதிவெண், இன்ஜின் நம்பர், மொத்த விலை, மீதி தர்ற தேதி, அவர் பின்வாங்கினா என்ன, நீங்க பின்வாங்கினா என்ன, எல்லாம் இருக்கணும். ரெண்டு பக்கமும் சாட்சிக் கையெழுத்து.

அவசரப்படாதே. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையிலதான் நிக்கும். அப்போ ஃபைபர் போட்டு மீனுக்குத்தான் கிராக்கி. அதுக்கு முன்னாடி போட்டு வேணும்னு அலையறவங்க நிறைய. இவர் போனா இன்னொருத்தர் வருவார்.

பேர் மாத்தறதைத் தள்ளிப் போடவே கூடாது. 2008ல மும்பையில தாக்கினவங்க கடத்தின மீன்பிடிப் படகுலதான் கடல் வழியா வந்தாங்க. அதுக்கப்புறம் பதிவெண் விஷயத்துல ரொம்பக் கெடுபிடி. நாளைக்கு அந்தப் போட்டுல ஏதாவது தப்பு நடந்தா, பதிவுல இருக்கிற பேர் உங்க அப்பாது. போலீஸ் முதல்ல உங்க வீட்டைத்தான் தேடி வரும்.

ராயபுரம் கேஷியர் (ஓய்வு)

காசிமேட்டுத் தம்பி சொன்னதோடு பணப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். அந்த 2 லட்சம் ரொக்கத்தைத் தொடாதீர்கள் அம்மா. வருமான வரிச் சட்டப்படி 2017 ஏப்ரலில் இருந்து ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நாலு நாளில் பிரித்து வாங்கினாலும் வியாபாரம் ஒன்றுதானே, கணக்கு சேர்ந்துவிடும். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கியவருக்கு. அதாவது உங்கள் அப்பாவுக்கு.

அட்வான்ஸை யு.பி.ஐ.யில் வாங்கலாம். மீதி 2,90,000 ரூபாயை ஆர்.டி.ஜி.எஸ்.சில் (பெரிய தொகையை ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் முறை) வாங்குங்கள், 2 லட்சத்துக்கு மேல் என்பதால் அதற்குத் தோதான தொகைதான். வேலை நாளில் காலையிலேயே அவரோடு அவர் வங்கிக் கிளைக்குப் போய்விடுங்கள். போனில் வந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் அவர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம். இரண்டையும் போலியாகச் செய்ய நிமிஷம் போதும். உங்கள் பாஸ்புக்கில் பதியுங்கள், அல்லது வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். காசோலை கொடுத்தால் பணம் கணக்கில் ஏறும் வரை படகு நகரக் கூடாது. டி.டி.யிலும் (வங்கி வரைவோலை) போலி உண்டு. அதைக் கொடுத்த கிளையில் கேட்டு உறுதி செய்த பிறகே நம்புங்கள்.

இதைப் பலர் கவனிப்பதில்லை: படகை வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். "மச்சான் அனுப்புவான், பார்ட்னர் அனுப்புவான்" என்றால் மறுத்துவிடுங்கள். யாரையோ ஏமாற்றிய பணம் அந்த வழியாக உங்கள் கணக்குக்கு வந்தால், எங்கோ ஒரு ஊரில் கொடுத்த புகாருக்காக உங்கள் அப்பாவின் கணக்கை முடக்குவார்கள். பென்ஷனோ மருந்துச் செலவோ, எதையும் எடுக்க முடியாது. கவுன்டரில் உட்கார்ந்து அப்படி வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலோரப் பொண்ணு

அண்ணா, சார், ரொம்ப நன்றி. அப்பாவை உட்கார வெச்சு ரெண்டையும் படிச்சுக் காட்டினேன். ரொக்க விஷயத்துலதான் அவர் அசந்துட்டார். அவரே போன் போட்டு, "பொண்ணு பேங்க் வழியாத்தான் கேக்குது, எனக்கும் அதுதான் சரின்னு படுது"ன்னு சொல்லிட்டார். பழவேற்காட்டுக்காரரும் கோவிச்சுக்கல. ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பார்த்துட்டு 30,000 தர்றேன்னார். அவர் பின்வாங்கினா அந்த 30,000ஐ நாங்க முழுசா வெச்சுக்கலாமா? இன்ஜின் பில்லும் கிடைக்கல.

ராயபுரம் கேஷியர் (ஓய்வு)

ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொகை, தாளிலும் எழுதியிருக்கிறது என்றால் நீங்கள் தைரியமாகப் பேசலாம். அட்வான்ஸாக ஒன்றரை லட்சம் வாங்கிவிட்டு அத்தனையும் எனக்குத்தான் என்றால் நிற்காது. படகின் மேல் சங்கக் கடனோ வங்கிக் கடனோ இருந்திருந்தால் பாக்கி இல்லை என்ற கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

காசிமேடு அண்ணன்

பில் இல்லாட்டி இன்ஜின்ல அடிச்சிருக்கிற நம்பர் தகட்டைத் துடைச்சுட்டு போட்டோ எடு, அந்த நம்பரையே தாள்ல எழுது. வாங்கின கடையில கேட்டா பழைய பில்லோட நகல் இருக்கலாம். மானியத்துல வாங்கின போட்டா இருந்தா மட்டும், ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி மீன்வளத்துறை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடு. விக்கறதுக்கு நிபந்தனை இருக்கும்.