உதிரிப் பல் ஒன்றை வைத்து சாரோபாட் (நீள்கழுத்து டைனோசர்) பற்றி எவ்வளவு சொல்ல முடியும்?

கேள்வி: கிரெட்டேசியஸ் காலப் பாறையில் கிடைத்த நீள்கழுத்து டைனோசர் பல், தாடை இல்லை. இனம், உணவு, பல் மாறும் வேகம் மூன்றையும் கணிக்கலாமா?

பதில் 1: இனம் வரை போக முடியாது, குழு வரை முயலலாம். பல்முடியின் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியின்) உயரத்தை அதன் அதிகபட்ச அகலத்தால் வகுங்கள். 4-க்கு மேல் வந்தால் பென்சில் போன்ற ஒல்லிப் பல். டைட்டனோசர், ரெப்பாக்கிசாரிட் என்ற சாரோபாட் குழுக்களில் ஒன்றாக இருக்கலாம். நுனி தேய்ந்திருந்தால் உயரம் குறையும், விகிதமும் ஏமாற்றும்.

பதில் 2: மாறும் வேகத்துக்கு ஒற்றைப் பல் போதவே போதாது. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் நாளுக்கு ஒன்றாக வான் எப்னர் கோடுகள் என்ற வளர்ச்சிக் கோடுகள் படியும். ஒரே குழியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பற்களை மெல்லிய சீவலாக வெட்டி, கோடுகளை எண்ணிக் கழித்தால்தான் விடை. நைஜர் நாட்டின் நைஜர்சாரஸுக்கு இப்படித்தான் சுமார் 14 நாள் என்று வந்தது. ஜுராசிக் காலத்து டிப்ளோடோகஸுக்கு 35 நாள்! கோடு தெளியவில்லை என்றால் சீவல் தடிமனாக இருக்கிறது, இன்னும் தேயுங்கள்.

பதில் 3: உணவுக்குத் தேய்வு முகத்தை, அதாவது மெல்லும்போது உரசித் தேய்ந்த பரப்பைப் பாருங்கள். அசிட்டோனால் துடைத்து, சிலிகோன் அச்செடுத்து, எபாக்சி வார்ப்பை மின்னணு நுண்ணோக்கியில் வையுங்கள். குழிகள் மிகுந்தால் மண்துகள் கலந்த, தரையொட்டிய மேய்ச்சல் என்று கருத இடமுண்டு. ஆனால் தேய்வு முகத்துக்கு வெளியிலும் அதே கீறல்கள் இருந்தால் அது ஆற்று மணலின் வேலை. அந்தப் பல்லை ஒதுக்கிவிடுங்கள்.