காக்கணம்பூ (சங்குப்பூ) போட்ட ஐசிங் சாம்பல் நிறமாப் போச்சுது, நீலம் வர என்ன செய்யலாம்?

கேள்வி (உவர்மலையிலிருந்து):
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு 5 வயசு. உப்புவெளிக் கடல் மாதிரிக் கேக் வேணும் எண்டு ஒரு மாசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைச் சாயம் போட்ட இனிப்புத் திண்டால் அவளுக்குத் தோல் தடிக்கும். அதாலை எங்கடை வேலியிலை படர்ந்திருக்கிற நீலக் காக்கணம்பூவிலை நிறம் எடுப்பம் எண்டு நினைச்சன்.

நேற்று செய்து பாத்தன். 250 கிராம் பட்டர், 500 கிராம் ஐசிங் சீனி. 20 பூவை அரைக் கப் சுடுதண்ணியிலை ஊறப் போட்டு, அதிலை 4 மேசைக்கரண்டி விட்டு அடிச்சன். பாசி நிறம்தான் வந்தது. தித்திப்புக் கூடிப்போச்செண்டு 2 தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி விட்டன். உடனை சாம்பலாப் போச்சுது. பிறகு திரைஞ்ச பால் மாதிரித் தண்ணியும் பிரிஞ்சுது. தெரிஞ்சவை சொல்லுங்கோ, நாலு நாள்தான் இருக்கு.

பதில் (கிண்ணியா):
தங்கச்சி, புளி விட்டதுதான் பிழை. காக்கணம்பூத் தண்ணியில புளி பட்டா ஊதாவா மாறும். ஊதாவும் பட்டர்ட மஞ்சளும் சேந்தாச் சாம்பல்தான். தித்திப்புக் குறைய ஒரு சிட்டிகை உப்புப் போடுங்க, போதும்.

பதில் (நிலாவெளி, வீட்டில் ஓடருக்குக் கேக் செய்பவர்):
புளியை விட முதல் வந்த பாசி நிறத்துக்குக் காரணம் பட்டர். மஞ்சள் பட்டரிலை நீலம் விழுந்தால் பச்சைதான். அதாலை பட்டரை மட்டும் தனியாக 8, 10 நிமிசம் அடியுங்கோ. காத்து ஏற ஏற வெளிறும். அதுக்குப் பிறகுதான் சீனி. வெள்ளை ஷோட்னிங் (கேக்குக்குப் போடுற கட்டி மரக்கறிக் கொழுப்பு) கிடைச்சால் பட்டரிலை பாதியைக் குறைச்சு அதைப் போடுங்கோ, இன்னும் வெள்ளையா வரும், வெக்கைக்கும் தாங்கும்.

அடுத்தது தண்ணி. காக்கணத்தின்ரை சாயம் தண்ணியிலை கரையும், கொழுப்பிலை கரையாது. நீங்கள் விட்ட 4 கரண்டியைப் பட்டர் பிடிக்கேலாமல்தான் பிரிஞ்சது. 60 பூ எடுங்கோ. அடியிலை இருக்கிற பச்சைக் காம்பைக் கிள்ளிப்போட்டு அரைக் கப் தண்ணியிலை ஊற வைச்சு, பிழிஞ்சு வடிச்சு, மெல்லிய நெருப்பிலை ஒரு மேசைக்கரண்டியா வத்த விடுங்கோ. நல்லா ஆறினாப் பிறகு அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியா விட்டு அடியுங்கோ. அப்பவும் பச்சை தெரிஞ்சால் ஊசிமுனை அளவு பீற்றூட் சாறு தொட்டு வையுங்கோ, பச்சை அடங்கி நீலம் தெளியும். கூடினால் ஊதாவாகும், கவனம்.

அப்பச்சோடா போட்டால் நீலம் ஏறும் எண்டு ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ. கொஞ்சம் கூடினாலும் பச்சைக்குத் திரும்பும், வாயிலை சவர்க்கார ருசி நிக்கும்.

பிரிஞ்ச ஐசிங்கைக் கொட்டாதேங்கோ. ரெண்டு மூண்டு கரண்டி ஐசிங் சீனி சேர்த்து அடிச்சுப் பாருங்கோ, சேரும். சாம்பல் எண்டாலும் கேக்கின்ரை நடு அடுக்குக்குப் பூசலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி ராத்தா. கச்சான் காத்து அடிக்குது, மத்தியானத்திலை குசினியிலை நிக்கேலாது. ஐசிங் இளகாதோ?

பதில் (கிண்ணியா):
இளகும். விடியப்புறம் பூசி பிரிட்ஜில வைங்க, கேக் வெட்ட அரை மணித்தியாலத்துக்கு முன்ன எடுங்க. வெயில் படுற இடத்தில வைக்காதீங்க, பூச்சாயம் வெளிறிப்போகும்.

கேள்வி கேட்டவர் (திங்கள்):
வந்தது! நடுக்கடல் நீலம் இல்லை, கரையோரத் தண்ணி இருக்குமே, அந்த வெளிர் நீலம். பீற்றூட் ஒரு சொட்டே போதுமாயிருந்தது. கரை மணலுக்கு மரி பிஸ்கட்டை இடிச்சுத் தூவினன். பிள்ளை முதல் விரலாலை அலையைத் தொட்டுப் பாத்திட்டுத்தான் வெட்ட விட்டாள். தோல் தடிப்பு ஒண்டும் இல்லை. மிஞ்சின துண்டு இண்டைக்குக் கொஞ்சம் சாம்பல் பாயுது, ருசி அப்பிடியே இருக்கு.

பதில் (நிலாவெளி):
நல்ல சந்தோசம். அடுத்த முறை பூவை நிழலிலை காயவைச்சுத் தூளாக்கி, மெல்லிய துணியிலை சலிச்சு, 2 தேக்கரண்டியை ஐசிங் சீனியோடையே கலந்து பாருங்கோ. தண்ணியே தேவைப்படாது.