இட்லிப்பூ செடி இலை மஞ்சளாச்சுன்னு கேட்டிருந்தேனே, அதோட அப்டேட்

போன தடவை இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருக்குன்னு போட்டிருந்தேன்ல, காரணம் வேர்கிட்ட கிடந்த சிமெண்ட் கட்டியும் போர் தண்ணியும்தான், ரெண்டுலயும் சுண்ணாம்பு, அதனால மண்ணுல இரும்பு இருந்தாலும் செடியால எடுக்க முடியல. கட்டியெல்லாம் கிளறி எடுத்துட்டு மக்குன சாணி, கொஞ்சம் இரும்புச்சத்து மருந்து போட்டு, பிடிச்சு வச்ச மழைத்தண்ணி ஊத்துனேன். பழைய இலை அப்படியேதான் இருக்கு, புதுத் துளிர் நல்ல பச்சை!

பூ முடிஞ்ச கொத்தை உடனே வெட்டிவிடுங்க, நுனியிலதான் பூக்கும், பக்கத்துல புதுக்கிளை வரும்.

இன்னைக்குக் காலையில கறிவேப்பிலை அழகிங்கிற பட்டாம்பூச்சி வந்துச்சுங்க, கருப்பு றெக்கையை படபடன்னு அடிச்சுக்கிட்டே இட்லிப்பூவோட நீளக் குழாய்க்குள்ள உறிஞ்சியை விட்டு ஒவ்வொரு பூவா குடிச்சுது, அப்படியே நின்னுட்டேன். பக்கத்துக் கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி புழு இருந்தா தயவுசெஞ்சு மருந்தடிக்காதீங்க, அது இதோட குட்டியா இருக்கலாம்.