உப்புக்காற்றில் நீலப்பச்சை ஸ்மித்சோனைட்: எப்படிக் கழுவுவது, எப்படி வைப்பது?

கீழக்கரை_கல்:
அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள கெல்லி சுரங்கத்துச் சரக்கு என்று ஒரு ஸ்மித்சோனைட் (துத்தநாகக் கனிமம்) வாங்கியிருக்கிறேன். திராட்சைக் கொத்து போன்ற மேற்பரப்பு, 212 கிராம். கூடவே வெளிர்நீல ஊசிகளாக ஒரு ஆரிச்சால்சைட் (துத்தநாகமும் செம்பும் சேர்ந்த கனிமம்). வீடு கடலை ஒட்டி இருப்பதால் மேலே மங்கல் படிகிறது. வினிகரில் கழுவலாமா? ஹெமிமார்பைட் என்ற வேறொரு துத்தநாகக் கனிமத்தையும் ஸ்மித்சோனைட் என்றே விற்கிறார்களாமே?

மண்டபம்_தாது:
வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் ஆகாது அண்ணே. இரண்டுமே கார்பனேட், அமிலம் பட்டால் மேல்தோல் கரைந்துவிடும், அந்தப் பட்டு மினுக்கம் திரும்ப வராது. உலர்ந்த துணியாலும் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் சேர்ந்து கீறும்.

ஸ்மித்சோனைட்டை டிஸ்டில்டு வாட்டரில் 10 நிமிடம் ஊறவையுங்கள், இரண்டு முறை நீர் மாற்றுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு. அடிப்பாறை மண்ணாக உதிர்கிறதா என்று முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிழலில் காயட்டும். ஆரிச்சால்சைட்டின் கடினம், வைரத்துக்கு 10 என்ற மோஸ் அளவில், 1 முதல் 2 தான். நீர், பிரஷ் இரண்டும் படக்கூடாது. கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் தள்ளி நின்று ஊதினால் போதும்.

தொண்டி_நீலம்:
அடையாளத்துக்கு எடை போதும். தராசில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன செ.மீ.யில். உலர் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. ஸ்மித்சோனைட் 4.4 அளவில், ஹெமிமார்பைட் 3.4–3.5. குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாக வரும்.

கீழக்கரை_கல்:
49 காட்டுகிறது.

தொண்டி_நீலம்:
4.33. அடியில் கொஞ்சம் பாறை ஒட்டியிருக்கும், ஸ்மித்சோனைட்தான். ஆனால் இது கனிமத்தைத்தான் சொல்லும், சுரங்கத்தைச் சொல்லாது. செம்பு கலந்தால் வரும் இந்த நிறம் மெக்சிகோவின் சோயிக்ஸ் பக்கத்துக் கல்லிலும் உண்டு. கெல்லியில் ஈயம், வெள்ளி எடுத்த காலத்தில் இதைக் கழிவென்று கொட்டினார்கள். துத்தநாகத் தாது என்று விலை வந்தது பிறகுதான். கல்லோடு வந்த பழைய சீட்டு இருந்தால் அதுவே ஆதாரம், பத்திரம்.

மண்டபம்_தாது:
காற்றில் ஈரம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். கொண்டல் அடிக்கும் மாதங்களில் திறந்த அலமாரி உதவாது. இறுக மூடும் அக்ரிலிக் பெட்டியில், பெட்டியின் கொள்ளளவில் லிட்டருக்கு 20 கிராம் வீதம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஜெல்லின் ஆரஞ்சு மணி ஈரம் ஏறிப் பச்சையானால் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடலாம். மயில்துத்தப் படிகம் இருந்தால் மட்டும் அதே பெட்டியில் வைக்காதீர்கள்; ஜெல் அதன் நீரை உறிஞ்சி வெளுத்த பொடியாக்கிவிடும். சீட்டை பென்சிலில் எழுதி ஜிப் கவரில் போடுங்கள், மை ஊறிவிடும்.